கடையின் சேர்வர் நின்றுவிட்டால்: மைஎஸ்கியூஎல் பராமரிக்க வரும் புதியவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் ஒரு பாமசிக்கோ அரிசி ஆலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போனால், பின்னறையில் ஒரு கணினி காலையிலிருந்து இரவுவரை ஓடிக்கொண்டிருக்கும். பில், சரக்கிருப்பு, கடன் கொப்பி, நெல் கொள்வனவுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், இல்லாவிட்டால் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி. அது நின்றுபோனால் "கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை" என்று யாரையாவது கூப்பிடுவார்கள். இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்காக எழுதப்படுகிறது. மென்பொருளை நிறுவவும் ஒரு வினவல் எழுதவும் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். பிரச்சினையைக் கீழிருந்து மேலாகத் தேட வேண்டும்: மின்சாரம், டிஸ்க், கடிகாரம், வலையமைப்பு, சேவை, பயனர், கடைசியாக வினவல். புதியவர்கள் மேலிருந்து தொடங்கி, ஓடிக்கொண்டிருந்த வினவலைத் திருத்தி, பிறகு மென்பொருளை அழித்துப் புதிதாக நிறுவி, கடைசியில் தரவையும் இழக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தரவுத்தளக் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கரண்டிலும் கேபிளிலும்தான் தொடங்குகிறது.

கைவைக்கமுன்

மறுபடி நிறுவ வேண்டாம். அதைச் செய்தால் சரியாகும் கோளாறுகள் மிகக் குறைவு, கெட்டுப்போகும் சந்தர்ப்பங்கள் மிக அதிகம். முதலாளி பின்னால் நின்று "கெதியா, கெதியா" என்றாலும் கீழேயுள்ள ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

1. சேவை ஓடுகிறதா? உபுண்டுவில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்பதோடு சேவையின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் சேவைகள் பட்டியலில் பாருங்கள்.

2. எரர் லொக். உபுண்டுவில் வார் அடைவுக்குள் லொக், அதற்குள் மைஎஸ்கியூஎல், அங்கே எரர்.லொக் என்ற கோப்பு. எக்ஸாம்ப் (வெப் சேர்வரையும் தரவுத்தளத்தையும் சேர்த்து நிறுவும் தொகுப்பு) என்றால் மைஎஸ்கியூஎல் அடைவின் டேட்டாவுக்குள் மைஎஸ்கியூஎல்_எரர்.லொக். கடைசி 100 வரிகளை வாசியுங்கள்.

3. டிஸ்கில் இடம் இருக்கிறதா? 'டிஎஃப்' கட்டளையை எச் தெரிவோடு ஒரு தடவை, ஐ தெரிவோடு ஒரு தடவை. இரண்டாவது, கோப்பு எண்ணிக்கையின் எல்லையைக் காட்டும்.

4. சேர்வரின் திகதியும் நேரமும் சரியா?

5. வேறொரு கணினியிலிருந்து பிங் போகிறதா? 3306 போர்ட் திறந்திருக்கிறதா?

லொக்கை வாசிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கடைசி வரியில் 'அபோர்ட்டிங்' என்று இருக்கும். எல்லோரும் அதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. சேர்வர் கடைசியாகத் தொடங்கிய வரிவரை மேலே போங்கள். அங்கிருந்து கீழே வரும்போது முதலில் தென்படும் 'எரர்' வரிதான் காரணம். அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் அதன் விளைவுகள்.

தரவுக் கோப்புகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் சேவையை நிறுத்திவிட்டு, டேட்டா அடைவு முழுவதையும் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். சேவை ஓடும்போது எடுத்த பிரதியை நம்ப முடியாது, ஒரு கோப்பு இந்த நொடியிலும் இன்னொன்று அடுத்த நொடியிலும் நிற்கும். இந்தப் பிரதி கையில் இருந்தால் பிறகு செய்யும் எந்தப் பிழையையும் திருப்பிப்போடலாம்.

கரண்ட் போய் வந்த பிறகு

அதிகமாக வரும் அழைப்பு இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

மைஎஸ்கியூஎல்லுக்குள் அட்டவணைகளைச் சேமிக்கும் இயல்பான இயந்திரத்தின் பெயர் இன்னோடிபி. அது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ரீடூ லொக்கில் எழுதிவிட்டுத்தான் பிறகு அட்டவணைக் கோப்பில் சேர்க்கும். கரண்ட் இடையில் போனால், மறுபடி தொடங்கும்போது அந்த லொக்கை வாசித்து, முடிந்த பரிமாற்றங்களைப் பூர்த்தி செய்து, முடியாதவற்றைத் திரும்ப எடுத்துவிடும். இது தானாக நடக்கும். லொக்கில் 'ஸ்டார்ட்டிங் கிராஷ் ரெகவரி' என்று வரும். பழைய ஹாட் டிஸ்க், பெரிய தரவுத்தளம் என்றால் பல நிமிடங்கள் எடுக்கலாம். அந்த நேரத்தில் சேர்வர் செத்துவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்துவதுதான் பெரிய கேடு. டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால், லொக்கில் வரிகள் கூடிக்கொண்டிருந்தால், காத்திருங்கள்.

காத்திருந்தும் தொடங்காமல், லொக்கில் 'டேட்டாபேஸ் பேஜ் கரப்ஷன்' என்று வந்தால் கோப்பின் ஒரு பகுதி பழுதாகியிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது:

1. சேவையை நிறுத்தி, டேட்டா அடைவைப் பிரதி எடுங்கள். முன்பு எடுத்திருந்தாலும் அந்தப் பிரதி நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. அமைப்புக் கோப்பில் மைஎஸ்கியூஎல்டி பகுதியின் கீழ் 'இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி' என்ற மாறிக்கு 1 என்று பெறுமதி கொடுத்துத் தொடங்குங்கள். தொடங்காவிட்டால் 2, பிறகு 3. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 4 முதல் 6 வரையான பெறுமதிகள் தரவுக் கோப்பை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. வேறு வழியே இல்லாதபோது, பிரதி ஒன்றின் மேல் மட்டும் அவற்றைப் பாவியுங்கள்.

3. தொடங்கியதும் கடையின் தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல்டம்ப் (தரவை எஸ்கியூஎல் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதும் கருவி) மூலம் வெளியே எடுங்கள். ஒரு அட்டவணையில் வந்து டம்ப் நின்றால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, மற்ற அட்டவணைகளைத் தனித்தனியாக எடுங்கள்.

4. சேவையை நிறுத்துங்கள். பழைய டேட்டா அடைவின் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்காதீர்கள். 'மைஎஸ்கியூஎல்டி' கட்டளையை 'இனிஷியலைஸ்' தெரிவோடு ஓட்டிப் புதிய வெற்று அடைவை உருவாக்குங்கள். அதன் உரிமை மைஎஸ்கியூஎல் பயனரிடமும் குழுவிடமும் இருக்க வேண்டும். ரூட்டுக்கான தற்காலிகக் கடவுச்சொல் எரர் லொக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

5. ஃபோர்ஸ் ரெகவரி வரியை எடுத்துவிட்டுத் தொடங்கி, டம்பை ஏற்றி, பயனர்களைக் கையால் உருவாக்குங்கள். வராமல்போன அட்டவணையைக் கடைசி பெக்கப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

ஐந்தாம் படியில் அந்த வரியை எடுக்க மறந்தால் சேர்வர் நன்றாக ஓடுவதுபோல இருக்கும், பழைய பில்கள் தெரியும், ஆனால் ஒரு புதிய பில்கூடப் பதிவாகாது. 0 தவிர எந்தப் பெறுமதி இருந்தாலும் இன்னோடிபி புதிய பதிவுகளையும் திருத்தங்களையும் மறுத்துவிடும்.

எக்ஸாம்ப் பாவிக்கும் கடைகளில் இன்னொரு செய்தி அடிக்கடி வரும்: 'ஆரியா ரெகவரி ஃபெயில்ட்'. அங்கே உள்ளிருப்பது மரியாடிபி. அதன் பயனர், உரிமை அட்டவணைகள் இன்னோடிபியில் அல்ல, ஆரியா என்ற வேறு சேமிப்பு வகையில் இருக்கின்றன. சேவையை நிறுத்துங்கள், டேட்டா அடைவைப் பிரதி எடுங்கள். 'ஆரியா_சிஎச்கே' கருவியை ஆர் தெரிவோடு, டேட்டாவுக்குள் இருக்கும் மைஎஸ்கியூஎல் அடைவின் எம்ஏஐ கோப்புகள்மேல் ஓட்டுங்கள். பிறகு ஆரியா_லொக் என்று தொடங்கி எண்ணில் முடியும் கோப்புகளை அகற்றிவிட்டுத் தொடங்குங்கள். கடையின் இன்னோடிபி அட்டவணைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

இதற்கு இணையத்தில் ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது: எக்ஸாம்ப்புக்குள் இருக்கும் 'பெக்கப்' அடைவை டேட்டாவின் மேல் ஒட்டிவிடு என்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அடைவில் இருப்பது உங்கள் கடையின் பெக்கப் அன்று, நிறுவும்போது வந்த வெற்றுத் தரவுத்தளம். அது ஐபிடேட்டா1 கோப்பையும் மேலெழுதிவிடும். அந்தக் கோப்பில்தான் எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற அகராதி இருக்கிறது. அது போனால் அட்டவணைக் கோப்புகள் கண்முன்னே இருந்தும் 'அப்படியொரு அட்டவணை இல்லை' என்றுதான் சேர்வர் சொல்லும்.

இனித் தடுப்பு. அரிசி ஆலையில் மோட்டார் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். வோல்ற்றேஜ் ஒரு கணம் விழும். காலபோக அறுவடை நேரத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும் விஷயம் இது. சேர்வரை மோட்டார் போகும் அதே லைனில் கொழுவ வேண்டாம். மின்வேலை செய்பவரிடம் சொல்லி வேறு பேஸிலிருந்து, ஒழுங்கான எர்த்தோடு தனி லைன் இழுப்பியுங்கள். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி துளை உள்ளதாக வாங்குங்கள். அந்தக் கேபிளைச் சேர்வரில் குத்தி, உபுண்டுவில் நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் நிறுவினால், பற்றறி இறங்கும்போது சேர்வர் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யூபிஎஸ் சாவைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். வன்னி வெக்கையில் ஈய-அமில பற்றறி கெதியில் பலம் இழக்கும். மாதம் ஒருமுறை, கடை பூட்டிய பிறகு, சேர்வரை ஒழுங்காக நிறுத்திவிட்டு ஒரு பல்ப்பை யூபிஎஸ்ஸில் கொழுவிப் பிளக்கைக் கழற்றி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழைக்கு முன் ரவுட்டரின் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். மின்னல் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை, செப்பு வயர் எது இருந்தாலும் அதன் வழியாக வரும்.

இன்னொன்று: 'இன்னோடிபி_ஃப்ளஷ்_லொக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்' என்ற மாறியின் இயல்புப் பெறுமதி 1. வேகத்துக்காக 2 ஆக்கச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 2 என்றால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடி அளவான பில்கள் போகலாம். காசு வாங்கி பில் கொடுத்த பிறகு அந்தப் பில் கணக்கில் இல்லாமல் போவது காசாளரின் தலையில்தான் விழும். 1 ஆகவே விடுங்கள்.

கடிகாரம்

மதர்போர்ட்டில் சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றறி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பழைய வருடம் ஒன்றுக்குப் போய்விடும். இணையம் இருந்தால் சில நிமிடத்தில் சரியாகும். இல்லாவிட்டால் அன்றைய பில்கள் முழுக்க பழைய திகதியில் விழும், மாலை விற்பனை அறிக்கை வெறுமையாக வரும், "தரவு அழிஞ்சு போச்சு" என்று அழைப்பு வரும். தரவு அங்கேயேதான் இருக்கும். புதிய பற்றறியைப் போட்டு, 'டைம்டேட்சிடிஎல்' மூலம் நேரத்தைச் சரிசெய்து, பில் இலக்க வரிசையைப் பார்த்துத் தவறிய திகதிகளைத் திருத்துங்கள்.

நேர வலயம் வேறு விஷயம். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கும். கடைகளில் இது தெரியாது, ஏனென்றால் காலை 5:30க்குப் பிறகுதான் அவை திறக்கின்றன. பால் சேகரிப்பு நிலையத்தில் தெரியும். காலை 5:00 மணிக்கு ஊற்றிய பால் முதல் நாள் இரவு 11:30 என்று பதிவாகி, முந்திய நாள் கணக்கில் சேரும். 'டைம்ஸ்டாம்ப்' வகை நிரல் (கொலம்) யூடிசியாக மாற்றிச் சேமித்து, வாசிக்கும்போது இணைப்பின் வலயத்துக்கு மாற்றித் தரும். 'டேட்டைம்' கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். இந்த வித்தியாசத்தை அறியாமல் ஒரே தரவுத்தளத்தில் இரண்டையும் கலந்தால் அறிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

பழைய ஆவணங்களைப் பதிபவர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கையின் நேரம் 1996 மே மாதம் யூடிசியைவிட 6 மணி 30 நிமிடம் முன்னதாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் 6 மணி முன்னதாகவும் மாறி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30க்கு வந்தது. அந்தக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் பழைய 5:30 நேரமே புழங்கியது. ஆகவே அந்த ஆண்டுகளின் பிறந்த நேரம் போன்றவற்றை 'டேட்டைம்' ஆகவே வையுங்கள். 'டைம்ஸ்டாம்ப்' போட்டுக் கொழும்பு வலயத்தைக் கொடுத்தால், வலயம் மாறும் எந்தச் சேர்வரிலும் அரை மணியோ ஒரு மணியோ முன்பின்னாகிவிடும்.

டிஸ்க் நிரம்பினால்

சேர்வர் விழாது, உறைந்துபோகும். டிஸ்கில் இடம் இல்லாதபோது மைஎஸ்கியூஎல் நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும். லொக்கிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும். பில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

இடத்தைத் தின்பவை வழக்கமாக மூன்று. தினமும் எடுத்து, அழிக்காமல் அதே டிஸ்கில் குவித்துவைத்த டம்ப் கோப்புகள் முதலாவது. அவற்றை வெளி டிஸ்குக்கு நகர்த்தினாலே மூச்சு வந்துவிடும். இரண்டாவது பைனரி லொக், அதாவது தரவில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் கோப்புகள். மைஎஸ்கியூஎல் 8.0 இல் அது இயல்பாகவே ஓடும், 2592000 நொடி, அதாவது 30 நாள் வைத்திருக்கும். கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், சுட்டிக் கோப்போடு பொருந்தாமல் போகும். 'பேர்ஜ் பைனரி லொக்ஸ் பிஃபோர்' என்று திகதி கொடுத்து அகற்றுங்கள். 'பின்லொக்_எக்ஸ்பயர்_லொக்ஸ்_செகண்ட்ஸ்' பெறுமதியை 604800 ஆக்கினால் ஏழு நாள் மட்டும் இருக்கும். பெக்கப் ஒழுங்காக எடுக்கும் கடைக்கு அது போதும். மூன்றாவது, ஐபிடிஎம்பி1 என்ற தற்காலிகக் கோப்பு. பெரிய அறிக்கை ஒன்று அதை வீங்கவைக்கும், சேவையை மறுதொடக்கம் செய்தால் சிறுத்துவிடும்.

பழைய பதிவுகளை அழித்தால் இடம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'டிலீட்' செய்த இடம் அந்த அட்டவணைக் கோப்புக்குள்ளேயே வெறுமையாகக் கிடக்கும். 'ஒப்டிமைஸ் டேபிள்' அதைத் திருப்பித் தரும், ஆனால் அட்டவணையைப் புதிதாக எழுதுவதால் அதற்கே ஏறக்குறைய அதேயளவு வெற்றிடம் தேவை. நிரம்பிய டிஸ்கில் அதை ஓட்டுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

இணைப்பு வரவில்லை

பிழை எண்ணை வாசித்தாலே பாதி வேலை முடிந்தது.

2003 என்ற எண்ணோடு அடைப்புக்குள் 10061 என்று விண்டோஸ் காட்டினால், கணினியை எட்டிவிட்டீர்கள், அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. சேவை நின்றிருக்கிறது, அல்லது அமைப்புக் கோப்பில் 'பைண்ட்-அட்ரஸ்' 127.0.0.1 ஆக இருக்கிறது. உபுண்டுவில் அதுதான் இயல்பு. அதைச் சேர்வரின் உள்வலை முகவரிக்கு மாற்றுங்கள். 10060 என்றால் பதிலே இல்லை: தீச்சுவர் மறிக்கிறது, அல்லது முகவரியே பிழை. கரண்ட் போய் வந்த பிறகு எல்லாக் கவுண்டரும் ஒன்றாக இணைப்பிழந்தால், ரவுட்டர் சேர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது என்று முதலில் சந்தேகியுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் சேர்வரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது.

1045 என்றால் நுழைவு மறுப்பு. செய்தியில் பயனர் பெயரோடு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதும், கடவுச்சொல் பாவிக்கப்பட்டதா என்பதும் இருக்கும். 'நோ' என்றிருந்தால் பில் மென்பொருள் கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை, அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் பயனரைப் பெயரையும் இடத்தையும் சேர்த்துத்தான் அடையாளம் காணும். லோக்கல்ஹோஸ்ட்டுக்காக உருவாக்கிய பயனர் கவுண்டரிலிருந்து வந்தால் வேறு ஆள். 192.168.1.% என்ற இடத்துக்கு ஒரு பயனரை உருவாக்கி, கடையின் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ரூட்டைக் கவுண்டரில் பாவிக்க வேண்டாம். 3306ஐ இணையத்துக்கும் திறந்துவிட வேண்டாம்.

உபுண்டுவில் ரூட் கடவுச்சொல் மறந்துபோனதென்று பதற வேண்டாம், 'சூடோ' போட்டு மைஎஸ்கியூஎல் என்று அடித்தாலே இயல்பு நிறுவலில் உள்ளே போய்விடலாம். பழைய பில் மென்பொருள் 8.0 சேர்வரோடு கடவுச்சொல் முறை பற்றிப் பிழை சொன்னால், சேர்வரின் இயல்பு முறை 'கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்ட்' ஆகியிருப்பதே காரணம். மென்பொருளின் இணைப்பு நூலகத்தைப் புதுப்பிப்பதே நல்லது. 1040 என்றால் இணைப்புகள் நிரம்பிவிட்டன, இயல்பு எல்லை 151. நாலு கவுண்டர் உள்ள கடையில் 151 நிரம்புகிறதென்றால் மென்பொருள் இணைப்பைத் திறந்துவிட்டு மூடவில்லை. எல்லையைக் கூட்டினால் நினைவகம்தான் தீரும்.

தமிழ்ப் பெயர்கள் கெட்டுவிட்டால்

இதில் அவசரப்பட்டு ஒரு கட்டளை கொடுத்தால், மீட்கக்கூடிய தரவு மீட்க முடியாததாகிவிடும். முதலில் எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பெயர் நிரலை 'ஹெக்ஸ்' சார்புக்குள் போட்டுத் தெரிவுசெய்து, வரும் எண்களைப் பாருங்கள்.

யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 இல் 3 பைட், ஒவ்வொன்றும் ஈ0 என்று தொடங்கும், அடுத்து ஏஈ அல்லது ஏஎஃப் வரும். அப்படியே வந்து, நிரலும் 'யூடிஎஃப்8எம்பி4' என்றால் சேமிப்பு சரி, காட்டும் பக்கத்தில்தான் பிழை. இணைப்பின் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று அமையுங்கள்.

ஈ0 என்று வந்தும் நிரல் 'லத்தீன்1' (ஐரோப்பிய எழுத்துகளுக்கான தொகுதி) ஆக இருந்தால், சரியான பைட்டுகள் பிழையான பெயர்ப்பலகையின் கீழ் இருக்கின்றன. நேரடியாக யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினால் இரட்டைக் குறியாக்கம் ஆகும். முதலில் 'வார்பைனரி' வகைக்கு, பிறகு யூடிஎஃப்8எம்பி4 'வார்கார்'க்கு மாற்றுங்கள்.

சி3 ஏ0 என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம் ஏற்கெனவே நடந்துவிட்டது. திரையில் கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். லத்தீன்1க்கு மாற்றி, பைனரியாக்கி, யூடிஎஃப்8எம்பி4 ஆக வாசித்தால் திரும்பி வரும். முதலில் 'செலெக்ட்' மூலம் பத்துப் பெயர்களைப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் 'அப்டேட்' செய்யுங்கள்.

3எஃப் 3எஃப் என்று தொடர்ந்து வந்தால் அங்கே இருப்பது உண்மையாகவே கேள்விக்குறிகள். எழுதும்போதே தமிழ் போய்விட்டது. எந்தக் கட்டளையாலும் வராது, பெக்கப்போ கடதாசிப் பதிவேடோதான் வழி.

கடைசியாகப் பாமினி. பழைய சங்கக் கணக்குகள், பாடசாலைப் பதிவேடுகள் பல அந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. ஹெக்ஸ் எண்கள் பெரும்பாலும் 2 முதல் 7 வரை தொடங்கும், எழுத்துருவை எடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். எழுத்துத் தொகுதியை எத்தனை தடவை மாற்றினாலும் தமிழாகாது. பாமினி-யூனிகோட் மாற்றி ஒன்றின் ஊடாக நிரலை வெளியே எடுத்து மாற்றி உள்ளே ஏற்ற வேண்டும். ஆங்கிலமும் பாமினியும் கலந்த நிரலை முழுதாகப் போட்டால் உண்மையான ஆங்கிலப் பெயர்கள் சிதைந்துபோகும், முதலில் பிரித்தெடுங்கள்.

நிரலின் நீளமும் தமிழுக்கு வேறு கணக்கு. 'முல்லைத்தீவு' கண்ணுக்கு ஆறு எழுத்து. மைஎஸ்கியூஎல்லுக்கு ம, உகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி, த, புள்ளி, த, ஈகாரக் குறி, வ, உகரக் குறி என்று 12. வார்கார் 30 என்று வைத்த பெயர் நிரலில் தகப்பன் பெயரோடு சேர்த்து அடிக்கும்போது 1406 பிழை வருவது இதனால்தான். பெயருக்கு 150, முகவரிக்கு 300 என்று தாராளமாக விடுங்கள். வார்கார் பாவித்த அளவுக்கே இடம் எடுக்கும்.

மெதுவாக ஓடுகிறது, அல்லது மாட்டிக்கொண்டது

'ஷோ ஃபுல் ப்ரொசெஸ்லிஸ்ட்' முதலில். ஒரே வினவல் நிமிடக்கணக்கில் ஓடினால் அதன்முன் 'எக்ஸ்ப்ளெயின்' போட்டுப் பாருங்கள். வகை நிரலில் 'ஓல்' என்றும் வரிகள் இலட்சக்கணக்கிலும் இருந்தால் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை. பயன்படாமல் போவதற்கு எங்கள் ஊர் மென்பொருள்களில் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பில் திகதியை 'டேட்' சார்புக்குள் போட்டு ஒப்பிடுவது ஒன்று. அதற்குப் பதிலாக இன்று 00:00க்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், கூடவே நாளை 00:00க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று எல்லை கொடுங்கள். மற்றது அடையாள அட்டை இலக்கம். பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 முதல் வருவது 12 இலக்கம். நிரல் வார்காராக இருக்க, மென்பொருள் மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகத் தேடினால் சேர்வர் ஒவ்வொரு வரியையும் எண்ணாக்கி ஒப்பிடும். இண்டெக்ஸ் வீண். பழைய இலக்கத்தின் கடைசி எழுத்தும் ஒப்பீட்டில் காணாமல் போகும்.

1205 என்றால் இன்னொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காக 50 நொடி காத்திருந்து கைவிட்டது. 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா'வின் 'இன்னோடிபி_டிஆர்எக்ஸ்' அட்டவணையில் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கவுண்டரில் பில்லைத் திறந்து இருப்பைக் குறைத்துவிட்டு, சேமிக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். ப்ரொசெஸ்லிஸ்ட்டில் அந்த இணைப்பு 'ஸ்லீப்' என்று அப்பாவியாகத்தான் தெரியும். 'கில்' செய்யமுன் அந்தக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள், அந்தப் பில் போய்விடும். மென்பொருள் எழுதியவரிடம் சொல்லிப் பரிமாற்றத்தைச் சேமிக்கும் பட்டனுக்குள் மட்டும் திறந்து மூடச் செய்வதே நிரந்தரத் தீர்வு.

நினைவகம்: இன்னோடிபி தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தின் அளவு 'இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ்'. அது இயல்பாக 128 எம்பிதான். 8 ஜிபி உள்ள, தரவுத்தளத்துக்கு மட்டுமான சேர்வரில் 5 ஜிபி கொடுக்கலாம். அதே கணினியில் பில்லும் போட்டால் 2 ஜிபி. அதிகம் கொடுத்தால் லினக்ஸ் நினைவகம் தீர்ந்ததும் மைஎஸ்கியூஎல்லையே கொன்றுவிடும். எரர் லொக்கில் காரணம் இல்லாமல் சேர்வர் விழுந்தெழும்பியிருந்தால் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஒஃப் மெமரி' என்று தேடுங்கள்.

பெக்கப்

மைஎஸ்கியூஎல்டம்ப்பை 'சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்', 'ரூட்டீன்ஸ்', 'இவென்ட்ஸ்' தெரிவுகளோடு எடுங்கள். முதலாவது, இன்னோடிபி அட்டவணைகளைக் கடையை நிறுத்தாமல் ஒரே கணத்தின் நிலையில் எடுக்கும். மற்ற இரண்டும் இல்லாவிட்டால் சேமித்த செயல்முறைகளும் நேரவேலைகளும் விடுபடும். ஜிசிப் பண்ணிய கோப்பைத் தொலைபேசி டேட்டாவிலேயே வெளியிடம் ஒன்றுக்கு அனுப்பலாம், எழுத்துத் தரவு நன்றாகச் சுருங்கும். பெக்கப் எடுத்து முடிந்ததும் வெளி ஹாட் டிஸ்கைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். கொழுவியபடியே விட்டால் மின்னல் இரண்டையும் சேர்த்தே எடுக்கும்.

தினமும் பார்க்க வேண்டியது கோப்பின் கடைசி வரி. 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று திகதியோடு இருக்க வேண்டும். கடவுச்சொல் மாறிய நாளிலிருந்து 0 பைட் கோப்புகள் மாதக்கணக்கில் குவிவதைப் பலர் விபத்து நடந்த அன்றுதான் காண்கிறார்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் ஏற்றி, கடைசி பில் இலக்கமும் அன்றைய மொத்தமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 8.0 இலிருந்து எடுத்ததைப் பழைய மரியாடிபியில் ஏற்றினால் 1273 பிழை வரும், 'யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' என்ற ஒப்பீட்டு முறை அதற்குத் தெரியாது. சோதிக்கும் கணினியிலும் அதே மைஎஸ்கியூஎல் பதிப்பையே வைத்திருங்கள்.

யாராவது நிபந்தனை இல்லாமல் 'டிலீட்' அடித்துவிட்டால், உடனே எல்லாக் கவுண்டரையும் நிறுத்தி, பைனரி லொக் கோப்புகளைப் பிரதி எடுங்கள். கடைசி டம்பை வேறு கணினியில் ஏற்றி, 'மைஎஸ்கியூஎல்பின்லொக்' மூலம் டம்ப் எடுத்த நேரத்திலிருந்து அந்தக் கட்டளைக்கு முந்திய இடம்வரை மட்டும் ஓட்டினால் அன்றைய பில்களும் திரும்பி வரும். டம்ப் எடுக்கும்போதே 'சோர்ஸ்-டேட்டா' தெரிவுக்கு 2 கொடுத்திருந்தால், எந்த லொக் கோப்பில் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது டம்பின் தலைப்பகுதியிலேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். 8.0.26க்கு முந்திய பதிப்புகளில் அந்தத் தெரிவின் பெயர் 'மாஸ்டர்-டேட்டா'.